நெய்யின் ஸ்தானத்துக்கு வந்த வனஸ்பதி

சோழநாட்டுக் கோயில்களின் சுவர்களிலும் அதிட்டானங்களிலும் பொறிக்கப்பட்டுள்ள கல்வெட்டுகளைப் பொறுமையாகப் படித்துச் செல்பவர்களுக்கு, அரசர்களின் மெய்க்கீர்த்திகளுக்கும் போர்களுக்கும் அடுத்தபடியாக அடிக்கடி கண்ணில் படும் வஸ்து நெய்யாகத்தான் இருக்கும். அரசமாதேவியோ, படைத்தலைவனோ, வணிகனோ, சாமானியக் குடியானவனோ, இறைவன் திருமுன் இரவும் பகலும் அணையாமல் எரியும் ஒரு நுந்தா விளக்கு வைக்க விரும்பினால், அதற்காகக் கோயிலுக்கு 96 ஆடுகளைக் கொடுப்பது வழக்கம். அந்த ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையன், தன் காலத்துக்கும் தன் சந்ததியின் காலத்துக்குமாக, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டவனானான். மந்தையில் இறப்பவற்றுக்கு ஈடாகக் குட்டிகள் பிறந்துகொண்டே இருக்குமாகையால், அந்த ஆடுகளைச் சாவா மூவாப் பேராடுகள் என்று கல்வெட்டுகள் கூறும். ஒரு விளக்குக்கு உழக்கு நெய், அந்த உழக்கு நெய்க்கு 96 ஆடுகள் என்ற இந்தக் கணக்கைப் பார்த்தால், பழைய தமிழ்நாட்டில் நெய் எத்தனை அருமையான பண்டம் என்பதற்கு வேறு சாட்சி தேட வேண்டியதில்லை.

நெய் அருமையாக இருந்த காரணத்தினாலேயே, நம் நாட்டு அடுப்பங்கரை பெரும்பாலும் வித்துக்களிலிருந்து ஆட்டியெடுத்த எண்ணெயை நம்பி வாழ்ந்தது. ஊருக்கு ஊர் கல்செக்கோ மரச்செக்கோ இருந்தது. மாடு சுற்றச் சுற்ற, எள்ளோடு கருப்பட்டியும் சேர்ந்து அரைபட்டு நல்லெண்ணெய் இறங்கும்; மிஞ்சிய புண்ணாக்கு அதே மாட்டின் தொட்டிக்குப் போகும். விளக்குக்கு இலுப்பை எண்ணெயும் ஆமணக்கெண்ணெயும், குழம்புக்கும் தலைமுழுக்குக்கும் நல்லெண்ணெய், நாஞ்சில் நாட்டில் இரண்டுக்குமே தேங்காயெண்ணெய் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் உபயோகம் வகுக்கப்பட்டிருந்தது. நெய்யோ பருப்புச் சோற்றின்மேல் ஒரு சிறு கரண்டியாகவும், பண்டிகை நாட்களின் பட்சணங்களிலும், ஹோமகுண்டத்திலும், பிள்ளை பெற்றவளின் பத்தியச் சாப்பாட்டிலும் மட்டும் தலைகாட்டும். தினந்தோறும் நெய்யில் பொரித்துச் சாப்பிட்ட குடும்பங்கள் எக்காலத்திலும் சிலவே.

அந்தச் செக்குகளின் உரலில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு புதிய விருந்தாளி வந்து சேர்ந்தது. அமெரிக்கக் கண்டத்துப் பயிரான நிலக்கடலை, தென்னார்க்காட்டு மணற்பாங்கான நிலங்களில் வேரூன்றி, அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்தின் வழியாக மூட்டை மூட்டையாகப் பிரான்ஸின் மார்சேய் நகரத்துக்குக் கப்பலேறியது. அங்கே அது எண்ணெயாகவும் சோப்பாகவும் மாறியது. வானம் பார்த்த பூமிக்குக் காசு தரும் பயிராகக் கடலை நிலைத்துவிட்ட இந்த விருத்தாந்தத்தை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. பிற்காலத்தில் வனஸ்பதி ஆலைகளின் பெரும்பசியைத் தீர்த்தது இந்தக் கடலையின் எண்ணெயே.

நெய்யில் கலப்படம் செய்வது வனஸ்பதியோடு பிறந்த வித்தை அன்று. விலை உயர்ந்த எந்தப் பண்டத்துக்கும் போலி உண்டாவது வியாபாரத்தின் இயல்பு. விலங்குக் கொழுப்பையும் மலிவான எண்ணெய்களையும் நெய்யில் கலந்து விற்கும் சாமர்த்தியசாலிகள் எல்லாப் பட்டணங்களிலும் இருந்தார்கள். சென்னை மாகாணத்தில் கலப்படத் தடுப்புச் சட்டம் 1918ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. அதே 1918ஆம் ஆண்டை ஒட்டித்தான், ஹாலந்து தேசத்து மார்கரின் உற்பத்தியாளர்கள், வெள்ளையாகவும் கெட்டியாகவும் நெய்யைப் போலவே மணல்மணலாகவும் இருந்த வனஸ்பதி என்று பின்னர் பெயர் பெற்ற ஒரு புதிய தாவரக் கொழுப்பை இந்தியாவில் இறக்குமதி செய்து விற்கத் தொடங்கினார்கள்.

அந்தக் கொழுப்பு பிறந்த கதை ரசாயன சாஸ்திரத்தைச் சேர்ந்தது. பிரான்ஸின் துலூஸ் நகரத்துப் பேராசிரியர் பால் சபாத்தியே என்பவர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், நுண்ணிய நிக்கல் தூளின் முன்னிலையில் பல கரிமப் பொருள்களின் ஆவியோடு ஹைட்ரஜன் வாயு எளிதில் கூடிவிடுவதைக் கண்டுபிடித்தார். அதற்காக 1912இல் நோபல் பரிசும் பெற்றார். ஆவிக்குப் பொருந்தியது திரவ எண்ணெய்க்கும் பொருந்துமா என்று சோதித்து வெற்றி கண்டவர் ஜெர்மானிய ரசாயன நிபுணர் வில்ஹெல்ம் நார்மன். 1902இல் அவர் தம் முறைக்குக் காப்புரிமை பெற்றபோது, அதைச் சமையலுக்கென்று யாரும் பெரிதாக எண்ணவில்லை. சோப்புக்கும் மெழுகுவர்த்திக்கும் வேண்டிய கெட்டிக் கொழுப்பு அக்காலத்தில் மாட்டிலிருந்தே கிடைக்க வேண்டியிருந்தது. அந்தப் பற்றாக்குறையைத் தீர்க்க, திமிங்கில எண்ணெயையும் பருத்திவிதை எண்ணெயையும் கெட்டியாக்க முடியும் என்பதே முதலாளிகளின் உற்சாகத்துக்குக் காரணம். சோப்புக்கு வந்தது வாணலிக்குப் போக வெகுகாலம் பிடிக்கவில்லை. 1911இல் அமெரிக்காவின் சோப்பு வியாபாரிகளான பிராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியார், பருத்திவிதை எண்ணெயைக் கெட்டியாக்கி, கிரிஸ்கோ என்ற பெயரில் இல்லத்தரசிகளிடம் கொண்டுபோய் விட்டார்கள்.

எண்ணெய் ஏன் ஓடுகிறது, நெய் ஏன் உறைகிறது என்பதை இங்கே சற்று விளக்கிவிடுவது பின்னால் வரப்போகும் வழக்குக்கு உதவும். கொழுப்பு எதுவாயினும் அதன் உறுப்புகளான கொழுப்பு அமிலங்கள் கரியணுக்கள் கோத்த நீண்ட சங்கிலிகளே. சங்கிலியின் எல்லா இடங்களிலும் ஹைட்ரஜன் நிறைந்திருந்தால் அது பூரிதக் கொழுப்பு. நிமிர்ந்து நேராக நிற்கும். சில இடங்களில் ஹைட்ரஜன் குறைந்து அணுக்களுக்கிடையே இரட்டைப் பிணைப்பு இருந்தால் அது அபூரிதக் கொழுப்பு. அந்த இடத்தில் சங்கிலி கோணலாக வளைந்துவிடும். நேரான விறகைக் கட்டாகக் கட்டி அடுக்கலாம், கோணல் விறகு அடுக்குக்கு அடங்காது என்பது எந்த விறகுக் கடைக்காரருக்கும் தெரியும். அதுபோலவே நேரான சங்கிலிகள் நெருங்கி உறைகின்றன. வளைந்தவை விலகி ஓடுகின்றன. நிக்கலும் ஹைட்ரஜனும் சூடும் சேர்ந்து செய்யும் காரியம், வளைந்தவற்றை நிமிர்த்துவதுதான். ஆனால் இந்த வேலையைப் பாதியில் நிறுத்தினால்தான் நெய்யின் பக்குவம் கிடைக்கும். முழுவதும் செய்தால் மெழுகைப் போன்ற கட்டியே மிஞ்சும். அவ்வாறு பாதியில் நிறுத்தும்போது, நிக்கலின் மேல் ஏறிய சில சங்கிலிகள் ஹைட்ரஜனை ஏற்காமலே திரும்பிவிடுகின்றன. திரும்பும்போது இரட்டைப் பிணைப்பு அப்படியே இருக்க, அதன் வளைவு மட்டும் மாறிச் சங்கிலி ஏறக்குறைய நேராகிவிடுகிறது. பெயரளவில் அபூரிதம், உருவத்தில் பூரிதம் என்ற இந்த இரண்டுங்கெட்டான் பொருளுக்கே டிரான்ஸ் கொழுப்பு என்று பெயர். வனஸ்பதிக்கு நெய்யின் மணல்பதத்தைத் தந்ததில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. நம் ஜனங்கள் எதைக் கண்டு இது நெய்யைப் போல இருக்கிறது என்று மகிழ்ந்தார்களோ, அதிலேயே பின்னாளில் குற்றம் கண்டுபிடிக்கப்பட்டது.

இறக்குமதியில் லாபம் கண்ட பிறகு உள்நாட்டிலேயே உற்பத்தி செய்வது அடுத்த படி. 1931இல் லீவர் கம்பெனியார் ஹிந்துஸ்தான் வனஸ்பதி உற்பத்தி ஸ்தாபனத்தைப் பதிவு செய்து, 1932இல் பம்பாயின் சேவ்ரி பகுதியில் ஆலையை ஓட்டத் தொடங்கினார்கள். 1937இல் டால்டா என்ற பெயர் சந்தைக்கு வந்தது. விளம்பரம் என்பது பத்திரிகையின் மூலையில் நாலு வரி என்றிருந்த அந்தக் காலத்தில், டால்டாவுக்காக நடந்த பிரசாரம் இந்திய வியாபார சரித்திரத்தில் ஒரு புது அத்தியாயம் என்றே சொல்லலாம். டால்டா டின்னைப் போலவே உருண்டையாகச் செய்யப்பட்ட வண்டி ஒன்று தெருக்களில் ஓடியது. சினிமாக் கொட்டகைகளில் குறும்படம் காட்டப்பட்டது. சந்தைகளில் கடை போட்டு, கண்ணெதிரே பலகாரம் சுட்டு, வருகிறவர்கள் கையில் கொடுத்து ருசி பார்க்கச் சொன்னார்கள். நெய்க்கு ஆசைப்பட்டும் வாங்க முடியாத நடுத்தரக் குடும்பத்தின் மனத்தை அந்த மஞ்சள் டின்னும் அதன்மேல் இருந்த பச்சை மரமும் வெகு சீக்கிரத்தில் பிடித்துக்கொண்டன. பின்னர் ஷாம்நகர், காஜியாபாத் ஆலைகளோடு நம் திருச்சிராப்பள்ளி ஆலையும் 1951இல் அந்த ஸ்தாபனத்தின் வசமாயிற்று. யார் தயாரித்தாலும் வனஸ்பதி என்றாலே டால்டா என்று கேட்டு வாங்கும் பழக்கம் தமிழ்நாட்டு மளிகைக் கடைகளில் இரண்டு தலைமுறைகளுக்கு நீடித்தது. காலியான டின்கள் துளசிச் செடிக்குத் தொட்டியாகவும், அரிசி அளக்கும் படியாகவும், கிணற்றடியில் தண்ணீர் மொள்ளும் பாத்திரமாகவும் பல்லாண்டுகள் சேவை செய்தன. உள்ளே இருந்த பொருளைவிட டின்னுக்கு ஆயுள் அதிகம்.

இத்தகைய வெற்றிக்கு எதிர்ப்பு எழாமல் இருக்குமா? நாற்பதுகளில் வனஸ்பதியைப் பற்றி நடந்த வாதப் பிரதிவாதம், சுதந்திர இந்தியா தன் பிறப்பின்போது நடத்திய பெரிய உணவுச் சச்சரவு எனலாம். மகாத்மா காந்தி வனஸ்பதியைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். பசுவையும் கிராமத்துப் பால் தொழிலையும் அது நசுக்குகிறது என்பதும், நெய் என்று சொல்லி விற்கப்படுவதற்கு அதைப் போல வசதியான பொருள் வேறில்லை என்பதும் அந்தப் பக்கத்தின் முக்கியமான வாதங்கள். ஐம்பதுகளின் தொடக்கத்தில் பண்டித தாகூர்தாஸ் பார்கவா பாராளுமன்றத்தில் வனஸ்பதியைத் தடை செய்யும் மசோதாவைக் கொண்டுவந்தார். ஆலை முதலாளிகளும் அவர்களுக்கு ஆதரவாக நின்ற நிபுணர்களும் சொன்ன பதிலும் அலட்சியம் செய்யத்தக்கதன்று: நாட்டில் உள்ள எல்லோருக்கும் போதுமான நெய் ஒருநாளும் கிடைக்கப்போவதில்லை, ஏழைக்குச் சுத்தமான, கெட்டுப்போகாத, மலிவான ஒரு கொழுப்பு வேண்டாமா என்று அவர்கள் கேட்டார்கள்.

தடை செய்யாவிட்டாலும், பார்த்தவுடன் அடையாளம் தெரியும்படி வனஸ்பதிக்கு நிறமாவது ஊட்டுங்கள் என்ற கோரிக்கை பலமாக எழுந்தது. ரதன்ஜோத் என்னும் வேரின் சிவப்புச் சாயம் முதற்கொண்டு பலவும் பரிசீலிக்கப்பட்டன. ஆனால் எளிதில் பிரித்தெடுக்க முடியாததாகவும், உடம்புக்குத் தீங்கு செய்யாததாகவும், சமைத்த பண்டத்தின் நிறத்தைக் கெடுக்காததாகவும் ஒரு சாயம் அகப்படவில்லை. அதற்குப் பதிலாக அரசாங்கம் செய்த ஏற்பாடு மிகவும் ரசமானது. எந்த வனஸ்பதியிலும் குறைந்தபட்சம் 5 சதவீதம் நல்லெண்ணெய் கலந்தே தீரவேண்டும் என்று விதி செய்தார்கள். நல்லெண்ணெயோடு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் ஃபர்ஃப்யூரால் என்னும் திரவத்தையும் சேர்த்துக் குலுக்கினால் செக்கச்செவேலென்று நிறம் தோன்றும். போதுவான் என்ற பெயரால் வழங்கும் பரீட்சை இது. ஆகவே நெய்யில் வனஸ்பதியைக் கலந்தவன், தன்னை அறியாமல் நல்லெண்ணெயையும் கலந்தவனாகிறான். சோதனைச் சாலையில் அந்த நல்லெண்ணெய் அவனைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. நம் செக்கில் பிறந்த பழைய எண்ணெய் இப்படிப் போலி நெய்க்குள்ளேயே அரசாங்கத்தின் ஒற்றனாகக் குடியேறியது. இந்த யோசனையைச் செய்த மூளையை நான் மெச்சாமலிருக்க முடியாது.

வனஸ்பதி உடம்புக்குக் கெடுதலா என்ற கேள்வியும் எழாமலில்லை. அதற்கு விடை காணும் பொறுப்பு எலிகளின் தலையில் விழுந்தது. குன்னூர், இஸத்நகர் முதலிய இடங்களில் இருந்த ஆராய்ச்சிக்கூடங்களில் எலிகளுக்கு வனஸ்பதியை ஊட்டி, அவற்றின் எடையையும் வளர்ச்சியையும் சந்ததியையும் கவனித்தார்கள். எலிகள் குருடாயின, ரோமம் உதிர்ந்தன என்று எதிர்ப்பாளர்கள் மேடைகளில் முழங்கினார்கள். 37 டிகிரியில் உருகும் வனஸ்பதிக்கும் சாதாரணக் கடலையெண்ணெய்க்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை என்பது அரசாங்கத் தரப்பின் முடிவு. நெய்யில் இயற்கையாக உள்ள வைட்டமின் ஏ வனஸ்பதியில் இல்லை என்ற குறை மட்டும் ஒப்புக்கொள்ளப்பட்டு, அதைச் சேர்ப்பதும் கட்டாயமாக்கப்பட்டது. இதோடு வழக்கு முடிந்தது என்று பலரும் நினைத்தார்கள்.

உண்மையில் வழக்கு அப்போது தொடங்கக்கூட இல்லை. வாதி, பிரதிவாதி இருவருமே ஒரு முக்கியமான சாட்சியை அழைக்க மறந்துவிட்டார்கள். அந்தச் சாட்சி மனிதனுடைய இருதயம். எலி எத்தனை கொழுப்பைத் தின்றாலும் அதன் ரத்தக்குழாய்களில் மனிதனுக்கு உண்டாவது போன்ற படிவு எளிதில் உண்டாவதில்லை. எலியின் ரத்தத்தில், இந்தப் படிவுக்குக் காரணமான கொலஸ்டிராலின் பெரும்பகுதி தீங்கற்ற வகையான வாகனத்திலேயே பிரயாணம் செய்கிறது. ஆகவே எலியை எத்தனை தலைமுறை வளர்த்துப் பார்த்தாலும், வனஸ்பதியின் மீது சுமத்தப்பட வேண்டியிருந்த உண்மையான குற்றச்சாட்டு அதனிடத்தில் வெளிப்பட்டிருக்க நியாயமில்லை.

அந்தச் சாட்சியத்தைத் தேடி வேறு தேசங்களில் வேறு மனிதர்கள் வெகுகாலமாக உழைத்துக்கொண்டிருந்தார்கள். பித்தப்பைக் கற்களிலிருந்து கிடைத்த ஒரு வெண்ணிறப் பொருளுக்குக் கொலஸ்டிரின் (இன்றைய கொலஸ்டிரால்) என்று 1816ஐ ஒட்டிப் பெயரிட்ட மிஷேல் ஷெவ்ரோல்தான், கொழுப்பு அமிலங்களைப் பிரித்தெடுத்துக் கொழுப்பு ரசாயனத்துக்கே அஸ்திவாரம் போட்டவரும். 102 வயது வரை வாழ்ந்த அந்தப் பிரெஞ்சு விஞ்ஞானி, தாம் கண்ட இரண்டு பொருள்களுக்கும் இப்படி ஒரு பகை உண்டாகும் என்று எண்ணியிருக்க மாட்டார். 1910இல் ஜெர்மானியரான அடால்ஃப் விண்டவ்ஸ், நோயுற்ற ரத்தக்குழாய்களில் கொலஸ்டிரால் இயல்பான குழாய்களைவிட 20 மடங்குக்கு மேல் இருப்பதைக் காட்டினார். 1913இல் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் நிக்கோலாய் அனிச்கோவ், ஹலாதோவ் என்ற இளைஞர்கள் சுத்தமான கொலஸ்டிராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்குக் கொடுத்து, மனிதர்களுக்கு வருவதைப் போன்ற படிவுகளை அவற்றின் தமனிகளில் உண்டாக்கிக் காட்டினார்கள். புல் தின்னும் பிராணிக்கு இயற்கைக்கு மாறான உணவைக் கொடுத்துவிட்டு அதிலிருந்து மனிதனுக்கு நியாயம் பேசலாமா என்று பலர் கேட்டதனால், அந்த ஆராய்ச்சி பல ஆண்டுகள் மதிப்பாரற்றுக் கிடந்தது. முயலை நம்ப மறுத்தவர்களும் எலியை நம்பியவர்களும் ஒரே நூற்றாண்டில் வாழ்ந்தார்கள் என்பது விந்தையே.

இரண்டாம் உலகயுத்தத்துக்குப் பின் இந்த விஷயம் ஆராய்ச்சிக்கூடத்தை விட்டு ஊர்ப்பேச்சாயிற்று. 1955 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது, ஒரு தேசமே இருதயத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கியது. மினசோட்டா சர்வகலாசாலையின் ஆன்சல் கீஸ் 1958இல் ஆரம்பித்த ஏழு நாடுகள் ஆராய்ச்சியில், 40 முதல் 59 வயது வரையுள்ள ஏறத்தாழ 12,700 ஆண்கள் ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்பட்டார்கள். வெண்ணெயும் பாலும் தாராளமாகப் புழங்கிய கிழக்குப் பின்லாந்தில் மாரடைப்பு மிகுந்தும், ஆலிவ் எண்ணெயில் சமைத்த கிரீட் தீவில் மிகக் குறைந்தும் காணப்பட்டது. கொழுப்பின் அளவைவிட அதன் வகை முக்கியம், பூரிதக் கொழுப்பு ரத்தத்தில் கொலஸ்டிராலை ஏற்றுகிறது, வித்து எண்ணெய்களில் உள்ள பன்முக அபூரிதக் கொழுப்பு இறக்குகிறது என்ற கொள்கை இவ்வாறு நிலைபெற்றது. அது ஏன் என்பதையும் பின்னர் வந்தவர்கள் விளக்கினார்கள். ரத்தத்தில் எல்.டி.எல். என்ற வாகனத்தில் வரும் கொலஸ்டிராலைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் கல்லீரலில் உள்ளன. பூரிதக் கொழுப்பு மிகுந்தால் அந்த ஏற்பிகளின் வேலை மந்தமாகி, எல்.டி.எல். ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. இந்த ஏற்பிகளைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்னும் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கொள்கை இந்தியாவுக்கு வந்தபோது முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏறியது நெய். டாக்டர்கள் நெய்யை நிறுத்தச் சொன்னார்கள். தேங்காயெண்ணெயைத் தொடாதே என்றார்கள். வனஸ்பதியோ, தாவரத்தில் பிறந்ததாகையால் தன்னிடம் கொலஸ்டிரால் அறவே இல்லை என்று உண்மையையே பேசிக்கொண்டு, கூண்டுக்கு வெளியே நின்றது. மேலைநாடுகளிலும் இதே கதைதான். வெண்ணெயை விட்டுவிட்டு மார்கரினுக்கு மாறியவர்கள், இருதயத்துக்கு நல்லது செய்வதாகவே நம்பினார்கள்.

இந்தக் குழப்பத்தின் நடுவே நம் நாட்டு ரயில்வே டாக்டர் எஸ். எல். மல்ஹோத்ரா 1967இல் பிரிட்டிஷ் இருதய மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்ட ஆராய்ச்சி, இன்றைக்கும் வாசித்து வியக்கத்தக்கது. இந்திய ரயில்வே ஊழியர்களின் மரணக் கணக்குகளை எடுத்துக்கொண்டு வடக்கையும் தெற்கையும் ஒப்பிட்டார் அவர். நெய்யும் தயிருமாகப் பால்கொழுப்பைத் தாராளமாக உண்ட வடவர்களைக் காட்டிலும், வித்து எண்ணெயை அளவாகவே உண்ட தென்னாட்டு ஊழியர்களிடையே இருதய நோயால் ஏற்பட்ட மரணம் ஏறத்தாழ ஏழு மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. மரணக் காரணத்தைப் பதிவு செய்வதில் ஊருக்கு ஊர் இருந்த வேற்றுமையும், இன்னும் பல காரணங்களும் அந்தக் கணக்கில் கலந்திருக்கக் கூடுமாகையால், இதைக் கொண்டு நெய்யை விடுதலை செய்துவிட முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் ஒரே ஒரு பதார்த்தத்தின் தலையில் எல்லாப் பழியையும் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க நினைத்தவர்களுக்கு அது ஓர் எச்சரிக்கை.

வனஸ்பதிக்கு எதிரான உண்மைச் சாட்சியம் 1990இல் வந்தது. அதைக் கொண்டுவந்ததும் ஹாலந்து தேசம்தான். வாகனிங்கன் நகரத்து ஆராய்ச்சியாளர்களான மென்சிங்க், கட்டான் இருவரும், 34 பெண்களும் 25 ஆண்களுமாக 59 பேருக்கு, மூன்று வாரத்துக்கு ஒரு வகையாக மூன்று வகை உணவுகளை முறைமாற்றிக் கொடுத்தார்கள். மூன்றிலும் கொழுப்பின் அளவு ஒன்றே. சக்தியின் பத்தில் ஒரு பங்கு மட்டும், ஒன்றில் ஆலிவ் எண்ணெயின் வகையான ஒலியிக் அமிலமாகவும், ஒன்றில் டிரான்ஸ் கொழுப்பாகவும், ஒன்றில் பூரிதக் கொழுப்பாகவும் இருந்தது. ஒலியிக் உணவோடு ஒப்பிட, பூரிதக் கொழுப்பு எல்.டி.எல். கொலஸ்டிராலை டெசிலிட்டருக்கு 18 மில்லிகிராம் உயர்த்தியது. டிரான்ஸ் கொழுப்பு 14 மில்லிகிராம் உயர்த்தியது. இதுவரை இரண்டும் ஏறக்குறையச் சமம். ஆனால் ரத்தக்குழாயிலிருந்து கொலஸ்டிராலைத் திரும்ப எடுத்துச் செல்லும் எச்.டி.எல். வகையைப் பூரிதக் கொழுப்பு தொடவில்லை. டிரான்ஸ் கொழுப்போ அதை 7 மில்லிகிராம் குறைத்துவிட்டது. கெட்டதை ஏற்றி நல்லதை இறக்கும் இந்த இரட்டைக் கேட்டை வேறெந்தச் சமையல் கொழுப்பிலும் அதுவரை யாரும் கண்டதில்லை. மூன்று ஆண்டுகளில் அமெரிக்கச் செவிலியர்களைத் தொடர்ந்து கவனித்த பெரிய ஆராய்ச்சியும் அதை உறுதிப்படுத்தியது. 2006இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, உணவின் சக்தியில் 2 சதவீதம் டிரான்ஸ் கொழுப்பாக இருந்தால் இருதயநோய் 23 சதவீதம் அதிகப்படுகிறது என்று கணக்கிட்டது. நம் நாட்டு வனஸ்பதி வகைகள் சிலவற்றில் மொத்தக் கொழுப்பு அமிலங்களின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் டிரான்ஸ் கொழுப்பாகவே இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த எண்களின் பயங்கரம் விளங்கும்.

இதை முன்கூட்டியே சந்தேகித்த ஒருவர் உண்டு என்பதையும் சொல்லாமல் விடலாகாது. அமெரிக்காவின் இல்லினாய் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஃபிரெட் கம்மரோவும் அவருடைய சகாக்களும், இறந்தவர்களின் உடல் திசுக்களில் டிரான்ஸ் கொழுப்பு சேர்ந்திருப்பதை 1957இலேயே வெளியிட்டார்கள். கவனிப்பார் இல்லை. அரை நூற்றாண்டு விடாமல் வாதாடிய அந்த மனிதர், 2013இல், தமது 98வது வயதில், அமெரிக்க அரசாங்கத்தின் உணவு மருந்து நிர்வாகத்தின் மீது வழக்கே தொடுத்தார். 2015இல் அந்த நிர்வாகம், பாதி ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய் தீங்கற்றது என்று இனிக் கருதப்படமாட்டாது எனத் தீர்ப்புச் சொன்னது. அதைக் கேட்டுவிட்டு, 102 வயதில் அவர் காலமானார்.

சட்டத்தில் முந்திக்கொண்டது டென்மார்க். கொழுப்பில் டிரான்ஸ் வகை 2 சதவீதத்துக்கு மேற்படலாகாது என்று 2003இலேயே விதித்தது. உலக சுகாதார ஸ்தாபனம் 2018இல் எல்லா நாடுகளையும் அதே வழிக்கு அழைத்தது. இந்தியா படிப்படியாக இறங்கி வந்தது: 2016இல் 5 சதவீதம், 2021 ஜனவரி முதல் 3, 2022 ஜனவரி முதல் 2 என்று எல்லை குறுகியது. ஆலைகளும் முறையை மாற்றிக்கொண்டன. பாமாயிலின் கெட்டிப் பகுதியையும் வேறு எண்ணெய்களையும் கலந்து, நிக்கலும் ஹைட்ரஜனும் இல்லாமலே கெட்டிக் கொழுப்பு செய்யும் வித்தைகள் பெருகிவிட்டன. டால்டா என்ற பெயரோ 2003இலேயே அன்னிய தானிய வியாபாரக் கம்பெனியான பஞ்சியின் கைக்குப் போய்விட்டது.

வனஸ்பதியின் சரித்திரத்தை நோக்கும்போது எனக்குத் தோன்றும் அபிப்பிராயம் இது. அதை எதிர்த்தவர்கள், அது நெய் அல்ல என்பதற்காக எதிர்த்தார்கள். ஆதரித்தவர்கள், அது எலியைக் கொல்லவில்லை என்பதற்காக ஆதரித்தார்கள். காந்தியடிகளின் பக்கம் முடிவில் சரியாகவும் காரணத்தில் வேறாகவும் இருந்தது. நிபுணர்களின் பக்கம் முறையில் கவனமாகவும் கேள்வியில் தவறாகவும் இருந்தது. அந்தக் காலத்து விஞ்ஞானத்துக்குத் தெரியாததை அவர்கள் ஏன் அறியவில்லை என்று இப்போது நாம் குறை கூறுவது நியாயமன்று. ஆனால் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் யாருமே உண்டறியாத ஒரு பொருளை, முப்பது ஆண்டுகளுக்குள் கோடிக்கணக்கான வாணலிகளில் ஊற்றியதில் சற்று அவசரம் இருந்தது என்று சொல்வதில் தவறில்லை.

வனஸ்பதி தோற்றதனால் நெய் ஜயித்துவிட்டதாக இப்போது சிலர் எழுதுவதும் பேசுவதும் கொஞ்சமும் பொருந்தாது. நெய்யின் கொழுப்பில் ஐந்தில் மூன்று பங்கு பூரிதம். தேங்காயெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு. அவை எல்.டி.எல்லை ஏற்றும் என்பது இன்றும் நிலைத்து நிற்கும் உண்மை. நம் முன்னோர்கள் நெய்யை உண்டு நலமாக இருந்தார்கள் என்பவர்கள், எத்தனை நெய் உண்டார்கள் என்பதை ஏனோ கேட்பதில்லை. நல்லெண்ணெய்க்கும் கடலையெண்ணெய்க்கும் இன்றைய விஞ்ஞானம் தரும் சான்றிதழ் நெய்க்குத் தருவதைவிட மேலானது. அதற்காகத் தோய்த்துத் தோய்த்துப் பொரித்துத் தின்னலாம் என்பதும் அர்த்தமன்று. 2007 முதல் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் மலிவு விலைக்குக் கிடைக்கும் பாமாயில், ஏழைக் குடும்பத்துக்குப் பெரிய ஒத்தாசை என்பதில் ஐயமில்லை. ஆனால் அதில் பாதியளவு பூரிதக் கொழுப்பு என்பதையும் கடையில் எழுதிப் போட்டால் நலமாக இருக்கும்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: பஃப்ஸ், பிஸ்கட், கேக் முதலியவற்றை வாங்கும்போது உறையில் உள்ள சிறு எழுத்தைப் படியுங்கள். அதில் டிரான்ஸ் கொழுப்பின் அளவு போட்டிருக்கும். உறையே இல்லாமல் விற்கும் பேக்கரிப் பண்டமானால், என்ன கொழுப்பில் செய்தது என்று கடைக்காரரைக் கேளுங்கள். 2 சதவீத விதி அவருக்கும் உரியதே.